இ-ரீடருக்கு ஃபைல் மாற்றுவது எப்படி: பதிப்புரிமையை மதிக்கும் முழுமையான வழிகாட்டி

இ-ரீடர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது, "இந்த ஃபைலை எப்படி உள்ளே ஏற்றுவது?" என்பது. நான் பதிலுக்கு முதலில் கேட்பது, "இந்த ஃபைல் உங்களிடம் எப்படி வந்தது?" என்பதைத்தான். வந்த வழி தெரிந்தால் ஏற்றும் வழியும் தெரிந்துவிடும். கடையில் வாங்கிய மின்னூலுக்குப் பெரும்பாலும் கேபிளே தேவைப்படாது. நூலகத்தில் கடன் வாங்கியதற்கு இடையில் ஒரு மென்பொருள் வேண்டும். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூலை எந்த வடிவத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். நீங்களே எழுதியதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே இங்கேயும் முதலில் உரிமை, பிறகு ஃபைல் வகை, அப்புறம்தான் கேபிள்.

முதலில் ஃபைலின் பூர்வீகம்

மின்னூலின் முதல் சில பக்கங்களுக்குள் பதிப்புரிமைப் பக்கம் இருக்கும். உரிமை யாருடையது, எந்த ஆண்டு வெளியானது, எந்த உரிமத்தில் வெளியானது என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். அதைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அந்தப் பக்கமே வெட்டப்பட்டிருந்தாலோ, விலைக்கு விற்கும் புத்தகம் யாரோ ஸ்கேன் செய்த பிடிஎஃபாக வாட்ஸப், டெலிகிராம் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தாலோ அதைத் தொடாதீர்கள். "எல்லாரும்தான் படிக்கிறார்கள்" என்பது அனுமதி ஆகாது. தமிழில் எழுத்தை மட்டும் நம்பி வாழ்பவர்கள் மிகச் சிலர். இப்படிச் சுற்றும் ஒவ்வொரு பிரதியும் அவர்களுடைய அடுத்த புத்தகத்தின் மேல் விழும் அடி என்றே நான் நினைக்கிறேன்.

பழைய நூல்கள் விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை, ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பிறகு குறைந்தது 50 ஆண்டுகளும் பாதுகாப்பு தரச் சொல்கிறது. நாடுகள் இதைக் கூட்டிக்கொள்ளலாம். இந்தியாவில் இது 60 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டு. அமெரிக்காவிலும் பொதுவாக 70தான். ஆனால் 1978க்கு முன் வெளியான நூல்களுக்கு, வெளியான ஆண்டை வைத்துக் கணக்கிடும் தனி விதி இருக்கிறது. இறந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது, அந்த ஆண்டின் முடிவிலிருந்து எண்ண வேண்டும். 1960இல் ஓர் ஐரோப்பிய எழுத்தாளர் காலமானார் என்றால், இந்தியச் சட்டப்படி அவர் எழுத்துகள் 2021 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் பொது. ஐரோப்பாவில் இருப்பவர் அதே நூலுக்கு 2031 வரை காத்திருக்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்து பதிவிறக்குகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டமே உங்களுக்குப் பொருந்தும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூல நூல் பழையது என்பதால் கையில் உள்ள பதிப்பும் பொது என்று ஆகிவிடாது. மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. புதிதாக எழுதிய உரை, முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டைப்படம் ஆகியவற்றுக்கும் அப்படித்தான். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பாடலுக்குச் சென்ற ஆண்டு ஒருவர் எழுதிய உரை அவருடைய சொத்து. பாடலை எடுத்துக்கொள்ளலாம், உரையை எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. தமிழக அரசு உரிமையாளர்களுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கிய நூல்களை, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகாவிட்டாலும் எவரும் பதிப்பிக்கலாம்.

நம்பி எடுக்கக்கூடிய இடங்களுக்குப் பஞ்சமில்லை. 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம், அமெரிக்கச் சட்டப்படி உரிமை முடிந்த நூல்களைத் தருகிறது; வெளிநாட்டு வாசகர்கள் தங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதுவே சொல்கிறது. தமிழுக்கு, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து வெளியிடும் நூல்கள் அங்கே கிடைக்கும். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம், எழுத்தாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும், சில நிபந்தனைகளோடு எவரும் பகிர அனுமதிக்கும் உரிமத்தில் கொடுத்த நூல்களை இ-ரீடருக்கு ஏற்ற வடிவங்களில் வைத்திருக்கிறது.

கிரியேட்டிவ் காமன்ஸ் என்று பார்த்ததும் எதுவும் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசிரியர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அதன் ஆறு உரிமங்களுக்கும் பொது. சிலவற்றில் வணிகப் பயன்பாடு கூடாது, சிலவற்றில் மாற்றி எழுதக் கூடாது. 'மாற்றக் கூடாது' என்று இருந்தால், இபப் என்னும் மின்னூல் வடிவத்தில் உள்ள ஃபைலை வேறு வடிவத்துக்கு மாற்றுவதும் தவறா என்று சிலர் தயங்குகிறார்கள். தவறில்லை. இப்போது புழங்கும் 4.0 பதிப்பு, படிப்பதற்காக ஃபைல் வடிவத்தை மாற்றுவதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

ஃபைல் வடிவம்: எதை எடுப்பது, எதை விடுவது

தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் எப்போதும் இபப் வடிவத்தை எடுங்கள். இது திறந்த தரநிலை. உள்ளே பார்த்தால் வலைப்பக்கங்களை ஒரு ஜிப் பொதியில் கட்டி வைத்த மாதிரிதான் இருக்கும். அதனால் எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் தாமாகவே திரைக்குத் தகுந்தாற்போல் மடங்கும். பிடிஎஃப் அப்படியில்லை. அது அச்சுத்தாளின் படம். பெரிய தாளுக்கு வடிவமைத்த பிடிஎஃபை ஆறு அங்குலத் திரையில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

"பிடிஎஃபை இபப்பாக மாற்றிக்கொள்ளலாமே" என்று தோன்றும். தமிழில் இது அவ்வளவு சுலபமில்லை. ஒருங்குறி பரவலாவதற்கு முன் செய்த பிடிஎஃப்களில் எழுத்துகள் டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் இருக்கும். பார்வைக்குத் தமிழாகத் தெரியும். வெளியே எடுத்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். ஒரு சோதனை போதும்: பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் மாற்ற முயலலாம். குப்பையாக வந்தால் குறியாக்க மாற்றி வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் வழியாகப் போக வேண்டும். அவ்வளவு உழைப்பைப் போடுவதற்கு முன், அதே நூல் இபப்பாக எங்காவது கிடைக்கிறதா என்று தேடிவிடுங்கள்.

கிண்டிலுக்கு அனுப்புவது

கிண்டில் அமேசானின் இ-ரீடர். கிண்டில் கடையில் வாங்கிய புத்தகம் என்றால் வேலையே இல்லை. வைஃபையை இயக்கி அதே கணக்கில் நுழைந்தால் இறங்கிவிடும். முன்பு வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக மாற்றும் வசதி இருந்தது. அதை அமேசான் 2025 பிப்ரவரி 26 முதல் நிறுத்திவிட்டது. பழைய வழிகாட்டிகள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மற்ற ஃபைல்களுக்கு 'சென்ட் டு கிண்டில்' சேவைதான் நேர்வழி. சேவையின் வலைப்பக்கத்தில் உங்கள் கணக்கோடு நுழைந்து ஃபைலை இழுத்துப் போட்டால் போதும், 200 எம்பி வரை ஏற்கும். இபப், பிடிஎஃப், வேர்ட் ஆவணம், வெறும் டெக்ஸ்ட் எல்லாம் போகும். பழைய மோபி வடிவத்தை இந்தச் சேவை இப்போது ஏற்பதில்லை. நீங்கள் அனுப்பும் இபப் அமேசானின் வழங்கியில் கிண்டில் வடிவத்துக்கு மாறி, அதன் பிறகு கருவிக்கு வருகிறது.

மின்னஞ்சல் வழியும் உண்டு. ஒவ்வொரு கிண்டிலுக்கும் ஒரு முகவரி இருக்கிறது, கருவியின் அமைப்புகளில் அதைப் பார்க்கலாம். அந்த முகவரிக்கு ஃபைலை இணைத்து அனுப்ப வேண்டும், அளவு 50 எம்பிக்குள் இருக்க வேண்டும். அனுப்பியும் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் மின்னஞ்சல் முகவரி அமேசான் கணக்கில் 'அனுமதிக்கப்பட்ட அனுப்புநர்' பட்டியலில் இருக்கிறதா என்பது. அதில் இல்லாத முகவரியிலிருந்து வரும் ஃபைலை அது உள்ளே விடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். எழுத்தாளர் ஒருவர் இன்னும் வெளியாகாத கையெழுத்துப் பிரதியைக் கருத்துக் கேட்டு உங்களுக்கு அனுப்பியிருக்கிறார் என்று வையுங்கள். அதை எந்த நிறுவனத்தின் வழங்கிக்கும் ஏற்றாதீர்கள். கேபிளில் மாற்றுங்கள், படித்து முடித்ததும் அழித்துவிடுங்கள். அவர் நம்பிக் கொடுத்தது உங்களிடம் மட்டும்தான்.

கேபிள் வழி: கிண்டிலைக் கணினியோடு இணைத்து, உள்ளே தெரியும் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் ஃபைலைப் போட வேண்டும். கேபிளில் இபப்பை அப்படியே போட்டால் கிண்டில் அதைக் காட்டாது. முதலில் கிண்டில் படிக்கும் ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்ற வேண்டும், அதைக் காலிபர் என்னும் மென்பொருள் பற்றிய பகுதியில் சொல்கிறேன். கணினியில் கிண்டில் தெரியவே இல்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள். மின்னேற்றம் மட்டும் செய்யும் கேபிள்கள் நிறையப் புழங்குகின்றன, அவற்றில் தரவு போகாது. 2024இல் வந்த கிண்டில்கள் சாதாரண பென் டிரைவ் போலத் தெரியாமல் எம்டிபி முறையில் இணைகின்றன. விண்டோஸில் இது சிக்கலில்லை. மேக்கில் இதற்கென்று ஒரு செயலியை நிறுவ வேண்டும்.

கோபோ, பாக்கெட்புக்

இந்த இரண்டு வகை இ-ரீடர்களிலும் வேலை சுலபம், இபப்பை நேரடியாகவே படிக்கும். கோபோவைக் கேபிளில் இணைத்ததும் திரையில் 'கனெக்ட்' என்று கேட்கும், அதைத் தொடுங்கள். கணினியில் தெரியும் இடத்தில் ஃபைலை நகலெடுத்து, முறையாக வெளியேற்றிய பிறகே கேபிளை உருவுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புறைகள் கருவியின் சொந்தப் பயன்பாட்டுக்கானவை, அவற்றின் பக்கம் போக வேண்டாம். பாக்கெட்புக்கும் ஏறக்குறைய இப்படியேதான்.

நூலகக் கடன்: அந்தச் சின்ன ஃபைல் புத்தகம் அல்ல

மின்னூல் கடன் தரும் பல நூலகங்களில் 'பதிவிறக்கு' என்றதும் ஏசிஎஸ்எம் என்று முடியும் ஒரு ஃபைல் வரும். சில கிலோபைட்தான் இருக்கும். அதை இ-ரீடரில் போட்டுவிட்டுத் திறக்கவில்லை என்று குழம்புவோர் நிறைய. அது புத்தகம் அல்ல, புத்தகத்தைப் பெறுவதற்கான அனுமதிச் சீட்டு. கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளை நிறுவி, உங்கள் அடோபி கணக்கால் அதற்கு அங்கீகாரம் கொடுங்கள். பிறகு ஏசிஎஸ்எம் ஃபைலை அதில் திறந்தால், உண்மையான இபப், நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் பூட்டோடு இறங்கும். இப்போது இ-ரீடரை இணைத்தால் அது இடப்பக்கம் தெரியும், புத்தகத்தை அதன் மேல் இழுத்து விடுங்கள். கடன் காலம் முடிந்ததும் புத்தகம் திறக்காமல் போகும்.

அடோபி பூட்டைக் கிண்டில் ஏற்காது. கோபோவும் பாக்கெட்புக்கும் ஏற்கும். கோபோவின் பல மாடல்களில், நூலக மின்னூல்களைக் கடன் தரும் ஓவர்டிரைவ் சேவை உள்ளேயே இருப்பதால், உங்கள் நூலகம் அதில் சேர்ந்திருந்தால் கணினியே வேண்டாம். படித்து முடித்துவிட்டால் தவணை வரும்வரை வைத்திருக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு மின்பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்கே தரலாம் என்ற உரிமத்தில்தான் பல நூலகங்கள் வாங்குகின்றன. நீங்கள் சும்மா வைத்திருந்தால் வரிசையில் இன்னொருவர் காத்திருக்கிறார்.

காலிபர்: ஒழுங்காக வைத்துக்கொள்ள

கோவிட் கோயல் உருவாக்கிய காலிபர் இலவச, திறமூல மென்பொருள். மின்னூல்களைச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, வடிவம் மாற்றி, கருவிக்கு அனுப்ப இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. நிறுவும்போது உங்கள் கருவி எது என்று கேட்கும்; சரியாகச் சொல்லிவிட்டால் எந்த வடிவம் வேண்டும் என்பதை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

1. 'புத்தகம் சேர்' வழியாக ஃபைலை உள்ளே கொண்டுவாருங்கள். மூல ஃபைலை அது தொடாது, தன் நூலகத்தில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும்.

2. விவரங்களைத் திருத்துங்கள். தலைப்பு, ஆசிரியர், மொழி மூன்றும் முக்கியம். மொழி 'தமிழ்' என்று இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் பெயருக்குத் தனிப் பெட்டி இருக்காது. ஆசிரியரோடு சேர்த்தோ, குறிப்பிலோ எழுதிவிடுங்கள். உரிமம் என்ன, எங்கிருந்து எடுத்தது என்பதையும் குறிப்பில் ஒரு வரி போட்டு வைத்தால், பின்னால் யாராவது "இதை எனக்கு அனுப்பலாமா?" என்று கேட்கும்போது தடுமாற வேண்டியிருக்காது.

3. தேவைப்பட்டால் வடிவம் மாற்றுங்கள். கிண்டிலுக்குக் கேபிளில் போக ஏஇசட்டபிள்யூ3. கோபோவுக்கு இபப்பே போதும்.

4. கருவியை இணைத்து 'கருவிக்கு அனுப்பு' என்பதை அழுத்துங்கள். முடிந்ததும் காலிபரிலிருந்தே கருவியை வெளியேற்றுங்கள்.

மாற்றும்போது "இந்தப் புத்தகம் பூட்டப்பட்டுள்ளது" என்ற செய்தி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காலிபர் தன்னளவில் எந்தப் பூட்டையும் திறப்பதில்லை.

தமிழ் எழுத்து சரியாகத் தெரிய

ஏற்றிய நூலில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். கிண்டில், கோபோ இரண்டிலும் 'ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறையில் எழுத்துரு ஃபைலைப் போட்டால், வாசிக்கும்போது எழுத்துருப் பட்டியலில் வந்துவிடும். எழுத்துருவும் ஒருவரின் படைப்பு, அதற்கும் உரிமம் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. நீண்ட வாசிப்புக்கு நான் செரிஃபைத்தான் பரிந்துரைப்பேன். விலைக்கு விற்கும் எழுத்துருவைக் கணினியிலிருந்து உருவி எடுத்துப் போட வேண்டாம்.

பூட்டு வந்தால் என்ன செய்வது

டிஆர்எம் என்னும் பூட்டைப் பற்றி வாசகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. 2009இல், உரிமை இல்லாத ஒருவர் விற்ற ஜார்ஜ் ஆர்வெல் நாவல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. பிறகு அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் திறக்காமல் போயின, பணம் திருப்பித் தரப்பட்டது. பூட்டுள்ள மின்னூலில் நாம் வாங்குவது பெரும்பாலும் புத்தகத்தை அல்ல, படிக்கும் உரிமத்தை. கலிபோர்னியாவில் 2025 முதல் கடைகள் இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது.

அதற்காக உடைத்துவிடலாமா என்றால், கூடாது. 1996இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் கீழ் உருவான பதிப்புரிமை ஒப்பந்தத்துக்குப் பிறகு, பூட்டை உடைப்பதற்கு எதிரான விதியைப் பல நாடுகள் கொண்டுவந்தன. அமெரிக்காவில் 1998இல் வந்தது. சில விலக்குகள் தவிர, சொந்தமாக வாங்கியது என்றாலும் உடைப்பதையே அது தடுக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைக் குற்றமாக்குகிறது.

நேர்மையாகச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வாங்குவதற்கு முன் நூல் விவரத்தில் பூட்டு உண்டா என்று பாருங்கள். பூட்டில்லாமல் விற்கும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். டோர் என்ற அறிவியல் புனைகதைப் பதிப்பகம் 2012இலேயே தன் மின்னூல்களின் பூட்டை எடுத்துவிட்டது. உங்கள் கருவியில் திறக்காத புத்தகத்தை வாங்கிவிட்டால் கடையிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பதிப்பாளருக்கோ ஆசிரியருக்கோ எழுதி, வேறு வடிவம் கிடைக்குமா என்று கேளுங்கள். சிறிய பதிப்பகங்களில் இதைப் படிப்பது பெரும்பாலும் முடிவெடுக்கும் ஆளேதான். அனுமதி கிடைத்தால் அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இதில் வேறு வழி இருக்கிறது. 2013இல் உருவாகி 2016இல் நடைமுறைக்கு வந்த மராக்கேஷ் ஒப்பந்தம், அவர்கள் படிக்கக்கூடிய வடிவத்தில் நூல்களை உருவாக்கவும் நாடு விட்டு நாடு அனுப்பவும் உறுப்பு நாடுகளில் இடம் தருகிறது. அச்சுநூலைப் படிக்க முடியாத ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இதற்கென்று இயங்கும் நூலகங்களில் அவரைச் சேர்த்துவிடுங்கள்.

பகிர்வதும் பாதுகாப்பதும்

பூட்டில்லாத நூலைக் கணினியிலும் ஒரு வெளி வட்டிலும் காப்பு எடுத்து வைப்பதைக் கடைகள் பெரும்பாலும் எதிர்பார்க்கவே செய்கின்றன. பூட்டில்லை என்பதற்காக நண்பர்களுக்கெல்லாம் அனுப்ப முடியாது. விற்றவர் நம்மை நம்பித்தான் பூட்டைப் போடவில்லை. வீட்டுக்குள் பகிர, கடையே தரும் குடும்பக் கணக்கு வசதியைப் பயன்படுத்துங்கள். படித்த மின்னூலை மறுவிற்பனை செய்யலாமா என்ற கேள்வி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. உரிமையாளர் அனுமதியில்லாமல் முடியாது என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அச்சுநூலுக்கு இருக்கும் மறுவிற்பனை உரிமை மின்னூலுக்கு இல்லை.

சொந்த அச்சுநூலை ஸ்கேன் செய்து இ-ரீடரில் படிப்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் 2014இல் தனிப்பட்ட நகலை அனுமதித்தது, அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அந்த ஸ்கேன் எந்த நாட்டிலும் உங்களைத் தாண்டிப் போகக் கூடாது.

இ-ரீடரையே ஒருவருக்குக் கொடுக்கவோ விற்கவோ போகிறீர்கள் என்றால், முதலில் உங்களுடைய சொந்த ஆவணங்களையும் குறிப்புகளையும் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அமைப்புகளில் கணக்குப் பதிவை நீக்கி, கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். வாங்கிய புத்தகங்களின் உரிமம் உங்கள் கணக்கோடு இருப்பது, அதனால் புதிய கருவியில் அதே கணக்கில் நுழைந்ததும் அவை திரும்ப வந்துவிடும். பழைய கருவியைப் பெறுபவர் தன் கணக்கைப் போட்டுத் தன் புத்தகங்களை ஏற்றிக்கொள்ளட்டும்.